மாற்றிய தோள் மூட்டில் கிருமித் தொற்று: ஏன் 2 ஆபரேஷன்?

பாடாலூரிலிருந்து திருச்சி போய் தோள் மூட்டை மாற்றிக்கொண்ட ஒருவருக்கு, சில மாதம் கழித்து மறுபடி வலி வருதுன்னு வச்சுக்குவோம். காய்ச்சல் இல்லை, சீழும் இல்லை. மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போடலாமா? கூடாது.

தோள் மூட்டுத் தொற்றில் அதிகம் சிக்குவது, நம் தோலிலேயே வாழும் 'கியூட்டிபாக்டீரியம் ஆக்னஸ்' கிருமி. மெதுவாக வளரும் என்பதால் கல்ச்சர் பரிசோதனைக்கு 14 நாள் வரை ஆகும். முன்கூட்டியே மாத்திரை போட்டால் கிருமி அதில் தெரியாமலே போகலாம்.

செயற்கை மூட்டின் மேல் கிருமி படலமாக ஒட்டிக்கொள்வதால் மருந்து மட்டும் போதாது. ஆரம்பத்திலேயே தெரிந்தால், உள்ளே கழுவிச் சுத்தம் செய்து மூட்டைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. நாள்பட்டால் பெரும்பாலும் 2 ஆபரேஷன். முதலில் மூட்டைக் கழற்றி, ஆன்டிபயாடிக் கலந்த சிமென்ட் ஸ்பேசர் வைப்பார்கள். பல வாரம் மருந்து கொடுத்து, தொற்று அடங்கிய பிறகே புது மூட்டு. சிலருக்கு ஒரே ஆபரேஷனில் முடியும்.

வலி விடவில்லையா? ஆபரேஷன் செய்த டாக்டரிடமே முதலில் காட்டுங்கள்.