நஞ்சு நீக்கும் கணக்கில் நேர்மை வேண்டும்!

கிணற்றில் நஞ்சு கலந்தவன் எவன் என்று கேட்க நம் மக்கள் அறிவர். அந் நஞ்சை நீக்க எவ்வளவு செலவாகும், அச் செலவு எவர் தலையில் விடியும் என்று கேட்பதற்குத்தான் அவர்களை எவரும் விடுவதில்லை.

இராணிப்பேட்டையில் 1970களில் தொடங்கி 1990களில் மூடப்பட்ட குரோமிய ஆலையொன்று, 2 இலக்கம் டன்னுக்கு மேற்பட்ட கழிவை வெட்டவெளியில் குவித்துவிட்டுப் போயிற்று. கால் நூற்றாண்டு கடந்த பின்னும் அக் குவியல் அங்கேயே கிடந்தது. மழை பெய்யுந்தோறும் நஞ்சு கரைந்து நிலத்துள் இறங்கிற்று. கிணறுகளில் மஞ்சள் நீர் ஊறிற்று.

இந் நஞ்சை நுண்ணுயிர்களைக்கொண்டு மாற்றலாம் என்கின்றனர் அறிவியலார். உண்மையே! நீரிற் கரைந்தோடும் ஆறிணைதிறக் குரோமியத்தை, எளிதிற் கரையாத மூவிணைதிறக் குரோமியமாக அவை மாற்றவல்லன. அவற்றுக்கு உணவாக, வெல்லக் கழிவுப்பாகு போன்றவற்றை ஆழ்துளைக் கிணறுகளின் வழியே நிலத்துட் செலுத்துவர். 'பாகு மலிவு, ஆகவே துப்புரவும் மலிவு' என்று உடனே ஒரு கணக்கு வந்துவிடும். இங்கேதான் நாம் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

10 எக்டேர் நிலத்தின் கீழ் 10 மீட்டர் கனமுள்ள நீர்ப்படுகை. அதில் ஐந்திலொரு பங்கு நீர் எனக் கொள்வோம். நீரளவு 20 கோடி இலிட்டர். இலிட்டருக்கு 10 மில்லிகிராம் குரோமியமாயின், மொத்தம் 2,000 கிலோ. அதே நீரில் இலிட்டருக்கு 200 மில்லிகிராம் கந்தகவுப்பு இருப்பின், அது 40,000 கிலோ. அதனையும் நுண்ணுயிர்கள் மாற்றத் தொடங்கினால், குரோமியத்துக்கு வேண்டிய உணவைப்போல் ஏறத்தாழ 30 மடங்கை அதுவே விழுங்கிவிடும். நீரிற் கரைந்துள்ள உயிர்வளியும் வெடியுப்பும் தத்தம் பங்கைக் கேட்கும். குரோமியத்தை மட்டும் எண்ணிப் போட்ட கணக்கு, பந்திக்கு வருவோரை எண்ணாது உலைவைத்த கதையே!

அன்றியும், பாகின் விலையே முழுச் செலவன்று. நஞ்சு பரவிய எல்லையை அறியக் கிணறுகள் தோண்ட வேண்டும். பாறைப் பிளவுகளில் நீரோடும் நிலத்தில் அக் கிணறுகள் இன்னும் மிகுதியாக வேண்டும். நுண்ணுயிர் மண்டி அடைபடும் குழாய்களைத் துப்புரவாக்க வேண்டும். இரும்பும் மாங்கனீசும் கரைந்து வருகின்றனவா என நோக்க வேண்டும். நஞ்சு மீண்டும் தலைதூக்காமை உறுதிப்படும்வரை ஆண்டாண்டாக நீரை ஆய்ந்துகொண்டேயிருத்தல் வேண்டும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இங்க்லி என்னும் ஊரில், 1950களிலும் 60களிலும் நிலத்திற் கலந்த குரோமியத்துக்கு எரிசாராயம் ஊட்டி நுண்ணுயிர்களை வளர்க்கின்றனர். 2020களிலும் அப் பணி முடிந்தபாடில்லை.

எல்லாவற்றுக்கும் முதலாகக் கழிவுக் குவியலை அகற்றும் செலவு கணக்கில் ஏற வேண்டும். அதை விட்டுவிட்டு நீரை மட்டும் துப்புரவாக்குவது, ஒழுகும் கூரையை வேயாது தரையைத் துடைப்பதாகும்.

மாசுபடுத்தியவரே இழப்பீட்டையும் சூழலைச் சீர்ப்படுத்தும் செலவையும் ஏற்க வேண்டுமென, 1996இல் வேலூர்ப் பகுதித் தோல் ஆலைகள் வழக்கில் உச்ச நயன்மன்றம் தீர்ப்பளித்தது. ஆனால், கணக்கைக் குறைத்துக் காட்டினால் அத் தீர்ப்பும் குறைந்துபோகும். எழுதாது விடப்பட்ட ஒவ்வோர் உருபாவையும் எவர் கட்டுகின்றார்? தண்ணீரை விலைக்கு வாங்கும் தாயும், பயிர் கருகிய உழவனுமே!

எனவே, துப்புரவுக் கணக்கு முழுமையாக எழுதப்பெறுக! ஊரார் முன் வைக்கப்பெறுக! நஞ்சிட்டவன் கையினின்றே அப் பொருள் பெறப்படுக!