இரவல் படை எதற்கு?

“பௌதிகத்தில் எம்.எஸ்ஸி. படிக்கிறீர். இன்னுமா போக்கிமான்?” என்று விடுதி நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். கேட்டவர் இரவு இரண்டு மணி வரை கிரிக்கெட் பார்ப்பவர். அவருக்கு நான் விடை சொல்லவில்லை. இங்கே எழுதப் போவதும் அவருக்கு விடை அன்று. என் வழக்கு இந்த ஆட்டத்தை இகழ்வாரோடு இல்லை; விரும்பி ஆடுகிற நண்பர்களோடுதான்.

நம் சங்கத்தின் ஆண்டுவிழாவில் பேச்சு, கவிதை, கேரம், சதுரங்கம் இவற்றோடு இவ்வாண்டு போக்கிமான் போரையும் சேர்க்க வேண்டும் என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். சேர்க்கலாம் என்பதே என் கட்சி. “தமிழ்ச் சங்கத்துக்கும் ஜப்பானியப் பொம்மைக்கும் என்ன உறவு?” என்பாரிடம், கேரம் பலகை எந்தச் சங்க காலத்தில் இருந்தது என்று மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்கிறேன். ஆனால் ஒரு நிபந்தனை வேண்டும். இரவல் படையோடு எவரும் களத்துக்கு வரக் கூடாது. அந்த நிபந்தனை இல்லையேல், போட்டியே வேண்டாம்.

ஆட்டம் அறியாதார்க்குச் சில சொற்கள். 1996-இல் ஜப்பானில் தோன்றிய விளையாட்டு இது. சிறு வயதில் பூச்சி பிடித்துத் திரிந்த சதோஷி தஜிரி என்பவர் படைத்தது. பிராணிகள் நெருப்பு, நீர், புல், மின்சாரம், பனி என்று 18 வகை. நீர் நெருப்பை அடக்கும். புல் நீரை உறிஞ்சும். நெருப்பு புல்லை எரிக்கும். ஒரு பிராணி இரண்டு வகையையும் சேர்ந்ததாய் இருக்கலாம். அப்போது இரண்டுக்கும் ஆகாத அடி விழுந்தால் நான்கு மடங்கு வலி. ஒவ்வொன்றுக்கும் நான்கு வித்தை, ஒரு கைப்பொருள். உலகப் போட்டியின் முறைப்படி, ஆறு பிராணிகளைக் கொண்டு வர வேண்டும். எதிரியின் ஆறையும் பார்த்தபின் நான்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். களத்தில் ஒரு நேரத்தில் இரண்டு நிற்கும். ஆட்டம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். அந்த ஆறைத் தேடுவதுதான் மாதக்கணக்கில் நீளும் வேலை.

நான் முதன்முதல் கட்டிய அணி இன்னும் நினைவிருக்கிறது. இராபர்ட்சன்பேட்டையில், எங்கள் வீட்டுத் திண்ணையில், பள்ளி விடுமுறையில் கட்டியது. கார்ச்சோம்ப், சாலமென்ஸ், டிராகோனைட், டைரானிடார், மெட்டாகிராஸ், கியாரடோஸ்! ஆறும் மாவீரர். ஒன்றையொன்று விஞ்சும் வலிமை. “இனி நம்மை வெல்வார் யார்?” என்று இறுமாந்திருந்தேன். எதிரே அமர்ந்தவன் சித்தப்பா மகன், என்னைவிட நான்கு வயது இளையவன். அவன் பனிப்புயல் வீசும் ஒரு வெள்ளை நரியை இறக்கினான். பனி பெய்யும்போது அந்தப் புயல் தவறுவதே இல்லை. எதிரிகள் இருவர் மேலும் ஒருசேர விழும். இரண்டே சுற்றில் என் மாவீரர் மண்ணைக் கவ்வினர்.

“அண்ணா, மூணு டிராகனுக்கும் ஐஸ்னா நாலு மடங்கு. பாக்கலையா?” என்றான்.

பார்க்கவில்லை. ஆறு பேரையும் தனித்தனியே பார்த்தேனே ஒழிய ஆறையும் சேர்த்து ஒரு முறையும் பார்க்கவில்லை.

உள்ளேயிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தவர் என் பாட்டனார். தங்கவயல் சுரங்கத்தில் இறங்கி வேலை பார்த்தவர் அவர். அவருடைய தந்தையார் வடஆர்க்காட்டிலிருந்து கூலிக்கு வந்து லைன் வீட்டில் குடியேறியவர். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டபோது நான் பிறந்திருக்கவும் இல்லை. ஆகவே சுரங்கம் எனக்குப் பாட்டனாரின் வாய்மொழிதான். அன்று அவர் எங்கள் ஆட்டம் இன்னதென்று கேட்டறிந்து, சிரித்துவிட்டுச் சொன்னார்: “எல்லாரும் துளை போடுறவனாவே இருந்தா, கல்லை யாருடா வெளியே தள்ளுறது? மேலே கல்லு விழாம முட்டு யார் குடுக்கிறது?” துளையிடுவோன், வெடி வைப்போன், மரத்தூண் முட்டுக் கொடுப்போன், வண்டி தள்ளுவோன் என்று பல கை சேர்ந்தால்தான் ஒரு படி பாறை மேலே வரும். துளையிடுவோனுக்குப் பெயர் அதிகம். ஆனால் முட்டுக் கொடுப்போன் ஒரு நாள் வராவிட்டால் மற்றவர் யாரும் இறங்க மாட்டார்கள் என்றார்.

இதே பாடத்தைத் தென்கொரியாவின் சேஜுன் பார்க் 2014-இல் வாஷிங்டன் நகரில் உலகுக்குக் காட்டினார். உலகப் போட்டியில் அவர் கொண்டு வந்தது பாச்சிரிசு என்னும் அணில். அதன் அடிப்படைத் திறன்களைக் கூட்டினால் 405, கார்ச்சோம்ப்புக்கு 600. கண்டோர் நகைத்திருப்பர். ஆனால் அந்த அணிலுக்கு எதிரியின் அடியைத் தன் மேல் இழுத்துக்கொள்ளும் ஒரு வித்தை உண்டு. மின்சாரம் பட்டால் காயம் படாமல், மாறாக உயிர் ஊறும் இயல்பும் உண்டு. பக்கத்தில் நின்றதோ கியாரடோஸ். மின்சாரம் பட்டால் நான்கு மடங்கு துடிக்கும் பிராணி. கியாரடோஸை வீழ்த்த எறிந்த மின்னலை அணில் விழுங்கிக்கொண்டது! பார்க் உலக வெற்றியாளரானார்.

பிறகு நடந்ததுதான் என் கட்டுரைக்கு வேண்டிய பகுதி. அந்தப் போட்டியைக் காணொளியில் பார்த்த நானும் பாச்சிரிசுவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். என் அணியில் அதன் பக்கத்தில் நிறுத்தியது யாரை? கார்ச்சோம்ப்பை. அதுவோ நில வகை; மின்சாரம் அதை ஏற்கெனவே தொடாது! தொடாத இடியைத் தடுக்க ஒரு காவலன். அதோடு போயிற்றா? கார்ச்சோம்ப் எழுப்பும் நிலநடுக்கம் பக்கத்துத் தோழனையும் தாக்கும். மின்சார வகைக்கு நிலம் ஆகாது. என் கார்ச்சோம்ப் முதலில் கொன்றது என் அணிலைத்தான். சேஜுன் பார்க் எந்தக் கேள்விக்கு விடையாக அந்த அணிலைத் தேடினாரோ, அந்தக் கேள்வி என்னிடம் இல்லை. விடையை மட்டும் எடுத்து வந்தேன். தேர்வு மண்டபத்தில் பக்கத்துப் பையனின் தாளைப் பார்த்து எழுதியவன், அவனுக்கு வந்தது வேறு வினாத்தாள் என்று பிறகு அறிந்த கதைதான்.

அணியைக் கட்டுவது ஒரு பங்கு. செம்மை செய்வது மூன்று பங்கு. ஒரு பிராணிக்கு நாம் பகிர்ந்து தரக்கூடிய பயிற்சிப் புள்ளிகள் 510. ஒரு திறனுக்கு 252-க்கு மேல் ஏறாது. புதியவர் என்ன செய்வார்? தாக்குதலுக்கு 252, வேகத்துக்கு 252 என்று கொட்டிவிட்டுப் போவார். ஐம்பதாம் நிலையில் கார்ச்சோம்ப்பின் உச்ச வேகம் 169. வேகத்தின் அடிப்படை 100 உள்ள பிராணிகளின் உச்சம் 167. அவற்றை முந்த 168 இருந்தாலே போதும். ஒரு புள்ளி கூடினாலும் முந்தியதே. 169-ஐத் தொடும் இன்னொரு கார்ச்சோம்ப்பை எண்ணி நீங்கள் அஞ்சவில்லையானால், மிச்சத்தை உடலுக்குக் கொடுக்கலாம். எவ்வளவு கொடுப்பது? எந்த அடியைத் தாங்க வேண்டும் என்று முடிவு செய்த பிறகே அது தெரியும். ஓர் அடியின் வலிமை ஒரே எண் அன்று. உச்சத்தின் 85 விழுக்காட்டிலிருந்து 100 வரை 16 அளவுகளில் ஒன்றாக விழும். பதினாறில் பதினைந்தில் பிழைத்தால் போதுமா, பதினாறிலும் பிழைக்க வேண்டுமா? அந்த ஒன்றுக்காக வேறெதை இழப்பது? இரவு முழுதும் விழித்துக் கணக்கிட்டிருக்கிறேன். ஆய்வுக்கூடத்தில் அவ்வளவு கருத்தோடு நான் பிழைக்கணக்குப் போட்டதில்லை என்பதை என் பேராசிரியர் இந்தப் பக்கத்தைப் படிக்க மாட்டார் என்ற துணிவில் சொல்லி வைக்கிறேன்.

தோல்விகளையும் எழுதி வைக்க வேண்டும். நான் ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஐம்பது தோல்விகளை எழுதினேன். எதிரே ‘காரணம்’ என்றொரு கட்டம். முப்பத்தொரு இடத்தில் ‘அதிர்ஷ்டம் இல்லை’ என்று எழுதியிருந்தேன். ஒரு மாதம் கழித்து ஆறிய மனத்தோடு அந்த ஆட்டங்களை மறுபடி பார்த்தேன். உண்மையிலேயே அதிர்ஷ்டத்தால் போனவை ஆறு. மற்றவை? ‘ஹைட்ரோ பம்ப்’ என்னும் நீர்த்தாக்குதல் நூற்றுக்கு எண்பது முறைதான் படும். ஓர் ஆட்டத்தில் மூன்று முறை எறிந்தால் ஒரு முறையேனும் தவற 48.8 விழுக்காடு வாய்ப்பு உண்டு. ஏறத்தாழ இரண்டு ஆட்டத்துக்கு ஒன்று! தவறும்போதெல்லாம் விதியைத் திட்டினேன். வலிமை 110 என்ற எண்ணைப் பார்த்து அதை அணியில் சேர்த்தவன் நானே. வலிமை 80 ஆனாலும் தவறாத ‘ஸ்கால்ட்’ இருக்க அதை ஒதுக்கியவனும் நானே. விதிக்கு இதில் என்ன பங்கு?

எங்கள் ஊர்க்காரன் என்ற உரிமையோடு இங்கே ஒன்று சொல்ல வேண்டும். 1965-இல் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், தரைக்கு 2 கிலோமீட்டருக்கும் கீழே, டாட்டா ஆராய்ச்சி நிலையத்தாரும் ஒசாகா, டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் கூடி, வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் தடத்தைக் கண்டார்கள். அத்தனை ஆழம் எதற்கு? மேலே இருந்தால் விண்ணிலிருந்து ஓயாது பொழியும் வேறு துகள்களின் இரைச்சலில் தேடுவது தெரியாது. அத்தனை பாறையையும் மேலே குடையாகப் பிடித்து, இரைச்சலை வடிகட்டிவிட்டு, எப்போதாவது வரும் ஒன்றுக்காகக் காத்திருந்தார்கள். ஓர் ஆட்டத்தை வைத்து அணியை மாற்றுகிறவர் தரைமேல் நின்று நியூட்ரினோ தேடுகிறவர். நேற்று தோற்றதும் இன்று இரண்டு பிராணியை விலக்கிவிட்டு, நாளை வேறு இரண்டை விலக்கும் நண்பர்களை நம் விடுதியிலேயே காண்கிறேன். இருபது ஆட்டமாவது பொறுங்கள். ஒரே காயம் திரும்பத் திரும்ப எங்கே படுகிறதென்று பாருங்கள். அப்போதும் ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது குணமாக்கியது என்று எப்படி அறிவது?

இவ்வளவு பேசுகிற நான் சென்ற ஆண்டு என்ன செய்தேன்? சொல்லத்தான் வேண்டும். விடுதிப் போட்டிக்கு நேரம் இல்லை. செய்முறைத் தேர்வு வந்துவிட்டது. வெளிநாட்டு வெற்றியாளர் ஒருவரின் அணியை அப்படியே, புள்ளி புள்ளியாக, எடுத்து வந்தேன். வென்றேன். முதல் பரிசாக ஒரு புத்தகமும் தந்தார்கள். கலைந்து போகும்போது முதலாண்டு மாணவர் ஒருவர் வந்து, “அண்ணா, உங்கள் பெலிப்பரின் வேகத்தை வேண்டுமென்றே குறைத்து வைத்திருக்கிறீர்களே, ஏன்?” என்று பணிவோடு கேட்டார். எனக்குத் தெரியவில்லை! “அப்படித்தான் வைப்பார்கள்” என்று எதையோ உளறினேன். அவர் தலையசைத்துவிட்டுப் போனார். நான் உளறியது அவருக்குத் தெரிந்துவிட்டது.

காரணத்தைப் பிறகு கண்டேன். பெலிப்பர் களத்தில் இறங்கியதும் மழை வரும். எதிரி வெயில் கொண்டு வரும் பிராணியை இறக்கினால் வெயில் வரும். இரண்டும் ஒருசேர இறங்கினால் விரைவானதன் வானிலை முதலில் வந்து, மெதுவானதன் வானிலை அதை அழித்து நிலைக்கும். அங்கே மெதுவாக இருப்பவனே வெல்வான். என்ன அழகான எண்ணம்! அதை எண்ணியவர் வேறொருவர். பரிசு வாங்கியவன் நான். அந்தப் புத்தகத்தின் உறையை இன்னும் பிரிக்கவில்லை.

“சதுரங்கத்தில் பிறர் கண்ட தொடக்க நகர்வுகளைப் படித்து ஆடுவதில்லையா?” என்று கேட்பீர்கள். ஆடலாம், படிக்கவும் வேண்டும். சேஜுன் பார்க்கின் அணியை நான் பத்து முறை படித்திருக்கிறேன். ஆனால் படிப்பது வேறு, பெயர்த்து வைப்பது வேறு. ஆகவே சங்கச் செயற்குழுவுக்கு என் வேண்டுகோள் இது. போட்டிக்கு முன் ஒவ்வொருவரும் தம் ஆறு பிராணிகளின் பட்டியலைக் கொடுக்கட்டும். எதிரியும் அதைப் பார்க்கட்டும். உலகப் போட்டிகளிலேயே 2023 பருவம் முதல் பட்டியல்களைத் திறந்து காட்டுகிறார்கள். இதில் புதுமை இல்லை. பட்டியலோடு அரைப் பக்கத்தில், தமிழில், இவர் ஏன், அவர் ஏன் என்று எழுதித் தரட்டும். அந்த அரைப் பக்கத்துக்கும் மதிப்பெண் உண்டு என்று அறிவியுங்கள்.

இன்னொன்று. போட்டி ‘ஷோடவுன்’ என்ற இலவசக் களத்திலேயே நடக்க வேண்டும். அங்கே எல்லாப் பிராணிகளும் எல்லாருக்கும் உண்டு. அணியை எழுத்தில் தட்டிவிட்டால் போதும், பழைய கைப்பேசியிலும் ஆடலாம். விளையாட்டுக் கருவியை விலை கொடுத்து வாங்கி வா என்றால், விடியுமுன் மாரிக்குப்பம் வண்டியில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவு திரும்பும் என் அப்பாவிடம் நான் கேட்க மாட்டேன். இங்கே என்னைப் போன்றவர் பலர்.

என் அணி? ஐந்து முடிந்துவிட்டது, ஆறாவது இடம் காலி. சென்ற வாரம் ஊருக்குப் போனபோது தம்பியிடம் காட்டினேன். இப்போது பிளஸ் டூ முடித்துவிட்டான், ஆணவம் கூடியிருக்கிறது. நீர் வகை ஒன்றைச் சேர் என்கிறான். எனக்கு அது சரியாகப் படவில்லை; இருபது ஆட்டம் ஆடிய பிறகு சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். இதை எழுதும்போது பதினொன்று ஆடியிருக்கிறேன். ஏழில் தோல்வி, அவற்றில் ஐந்து நெருப்பால்.