சும்மா கிடக்குற கொள்ளிடம்

போன வாரம் அக்கா மகன் சென்னையிலிருந்து வந்திருந்தான். கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. முப்பத்திரண்டு வயசுல பிரஷர் மாத்திரை போடுறான். சாயங்காலம் மோட்டார் கொட்டகை வாசல்ல உட்கார்ந்து வாழையைப் பார்த்துக்கிட்டிருந்தேன். "என்ன மாமா, சும்மாவே உட்கார்ந்திருக்கீங்க?"ன்னான். கேட்கும்போதே மடியில லேப்டாப். வந்தது லீவுக்கு!

"சும்மா இல்லடா. மூணாவது வரிசையில ரெண்டு மரத்து இலை மஞ்சளடிக்குது பாரு"ன்னேன். ஓடிக்கிட்டே இருக்கிறவன் கண்ணுக்கு அது படாது.

இன்போசிஸ் நாராயணமூர்த்தி 2023ல வாரம் 70 மணி நேரம் உழைக்கச் சொன்னார். 2025 ஜனவரியில எல் அண்ட் டி தலைவர் சுப்பிரமணியன் 90 மணி நேரம், ஞாயிற்றுக்கிழமையும் வேணும்னு பேசினது வெளிய வந்துச்சு. ஏழு நாளுக்குப் பிரிச்சா தினம் 13 மணி நேரத்துக்குக் கிட்ட. தூக்கமும் பஸ் பயணமும் போக, பிள்ளை முகம் பார்க்க மிச்சம் என்னங்க இருக்கு?

நம்ம சட்டசபையும் 2023 ஏப்ரல் 21ல 12 மணி நேர வேலைக்கு வழிவிட்டு மசோதா நிறைவேத்துச்சு. எதிர்ப்பு கிளம்பினதும் மே 1ல முதல்வர் வாபஸ்னு அறிவிச்சார். 1923 மே 1ல சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில மே தினம் கொண்டாடி அன்னிக்குச் சரியா நூறு வருசம். இன்னமும் எட்டு மணி நேரத்துக்கு மன்றாடிக்கிட்டிருக்கோம்.

முசிறி பக்கம் வந்தா முக்கொம்பையும் பார்த்துட்டுப் போங்க. காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியுற இடம். பல மாசம் வெறும் மணல்தான். 'இவ்வளவு அகலம் வீணாக் கிடக்கே'ன்னு உங்க மேனேஜர் கணக்குப் போடுவார். ஆனா மேட்டூர் நிரம்பி வெள்ளம் வர்ற அன்னிக்கு உபரித் தண்ணியை அதுதான் வாங்கிக்குது. அது இல்லைன்னா திருச்சி, தஞ்சாவூர் கதி என்ன? மனுசனுக்கும் அப்படி ஒரு கொள்ளிடம் வேணும். தளும்பத் தளும்ப ஓடுற வாய்க்கால் ஒரு மழைக்குக் கரை உடைச்சுக்கும்.

உழைக்க வேண்டாம்னு சொல்லலை. தண்ணி முறை வந்தா ராத்திரி ரெண்டு மணிக்கும் மண்வெட்டியோட நிப்போம். அறுப்புன்னா சாப்பாடே வரப்புலதான். ஆனா வருசம் பூரா அறுப்பு நடக்குற வயல் எந்த ஊர்லயும் கிடையாது. அப்படி ஒண்ணு இருக்குன்னு உங்ககிட்ட சொல்றவர், அறுக்கப்போறது நெல்லை இல்லை, உங்களைத்தான்.