நிற்கத் தெரிந்த வாகனம்



நம் கடற்கரை ஊர்களில் அம்பாசடர் கார் ஒரு காலத்தில் குடும்பத்தில் ஒருவரைப் போலவே இருந்தது. மணப்பெண்ணை ஏற்றிச் சென்றதும், பிரசவ வலி கண்டவரைத் தூத்துக்குடி மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்ததும், ஹஜ்ஜுக்குப் புறப்பட்டவர்களை ரயிலடி வரை வழியனுப்பியதும் அந்த வண்டியே. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை மூலமாகக் கொண்டு, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் உருவான அதன் உற்பத்தி 2014ஆம் ஆண்டில் நின்றுபோயிற்று. எனினும், வாப்பாவின் நினைவாக அதனைப் பேணி வருவோர் இன்றும் உளர்.

வளைகுடாவில் பொருளீட்டும் பிள்ளைகள் அவ்வண்டியைப் புதுப்பிக்கப் பணம் அனுப்புகின்றனர். முதலில் புதிய பெயின்ட், அடுத்து இருக்கை உறை, அதன்பின் பளபளக்கும் அலாய் சக்கரம். பிரேக் கடைசியாகவே நினைவுக்கு வருகிறது. இந்த வரிசை தலைகீழாக மாற வேண்டும். முதலில் பிரேக், அந்தப் பிரேக்குக்கு ஏற்ற சக்கரம் அடுத்து.

காரணம் எளியது. பழைய அம்பாசடருக்கு நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான். மூடிய டிரம்முக்குள் லைனிங் உராயும்போது எழும் வெப்பம் எளிதில் வெளியேறுவதில்லை. தொடர்ந்து அழுத்தினால் டிரம் சூடேறி விரியும், பிடிப்புக் குறையும். 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி 80 கிலோமீட்டர் வேகத்தை எட்டும்போது, அதை நிறுத்த வேண்டிய ஆற்றல் இரு மடங்கு அன்று, நான்கு மடங்காகிறது. முக்காணிப் பாலத்தைக் கடந்து ஆத்தூர் வழியே திருச்செந்தூர் செல்லும் சாலையில், வண்டி நிறைய ஆட்களுடன் விரையும்போது குறுக்கே ஓர் ஆடு வந்தால், இந்தக் கணக்கு ஏட்டுக் கணக்காக இராது.

டிஸ்க் பிரேக்கில் வட்டத் தகடு வெளிக்காற்றில் சுழல்கிறது; காலிப்பர் என்னும் இடுக்கி அதனை இருபுறமும் பற்றி நிறுத்துகிறது. 1953ஆம் ஆண்டு பிரான்சின் லே மான் பந்தயத்தில் ஜாகுவார் கார்கள் வென்றபோது இதன் வலிமையை உலகம் கண்டது. அம்பாசடரிலும், இசுசு இஞ்சின் பொருத்திய பிற்கால வண்டிகளின் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வந்தது. அப்பாகங்களைப் பழைய வண்டிக்கு மாற்றிப் பொருத்துவோரும் உண்டு. நல்ல முயற்சியே. ஆயினும் டிஸ்க்குக்கு மிதி அழுத்தம் கூடுதலாக வேண்டும்; ஆதலின் பூஸ்டரும், அதற்கு இசைந்த மாஸ்டர் சிலிண்டரும் உடன் வர வேண்டும்.

இங்கேதான் சக்கரத்தின் சிக்கல் எழுகிறது. டிரம்முக்காக வடிவமைத்த சக்கரத்தினுள் காலிப்பர் புடைத்துக்கொண்டு நிற்கும். "15 அங்குலச் சக்கரம்தானே, பொருந்தும்" என்று கடைக்காரர் கூறுவது போதாது. 15 அங்குலம் என்பது டயர் அமரும் விளிம்பின் விட்டம்; ரிம்மின் உட்குழி அதனினும் குறுகியது. ஆரக்கால்களின் பின்புற வளைவோ சக்கரத்துக்குச் சக்கரம் மாறும். ஆகவே ஒரே அளவெண் கொண்ட இரு சக்கரங்களில் ஒன்று தடையின்றிச் சுழலும். மற்றொன்று காலிப்பரை உரசும்.

சிலர் இதற்குக் குறுக்கு வழி காண்கின்றனர். காலிப்பரையே கிரைண்டரில் தேய்த்து இடம் உண்டாக்குவது ஒன்று. பிரேக்கின் முழு அழுத்தத்தையும் தாங்கும் உலோகத்தை மெலியச் செய்வது உயிரோடு விளையாடுவதாகும். சக்கரத்துக்குப் பின்னே தடித்த ஸ்பேசர் வளையத்தைச் செருகுவது மற்றொன்று. அதனால் வீல் நட்டு பற்றும் மரையின் நீளம் குறைகிறது. போல்ட்டு எவ்வளவு தடிமனோ, குறைந்தது அவ்வளவு நீளமேனும் நட்டு உள்ளே ஏற வேண்டும். 12 மில்லிமீட்டர் தடிமனில் ஒன்றரை மில்லிமீட்டர் மரையுள்ள போல்ட்டு என்றால், எட்டுச் சுற்றுக்குக் குறையலாகாது.

இதனைச் சோதிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. வீட்டுப் பிள்ளைகள் விளையாடும் களிமண் போதும். காலிப்பரின் புடைத்த இடங்களில் அதனை ஒட்டி, டயர் ஏற்றாத சக்கரத்தைப் பொருத்தி, கையால் மெல்ல ஒரு சுற்றுச் சுற்றுங்கள். கழற்றிப் பார்த்தால் களிமண் எங்கே நசுங்கியது, எவ்வளவு மிஞ்சியது என்பது தெரியும். எங்கும் 3 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இடைவெளி இருத்தல் நலம். ரிம்மின் உட்புறம் ஒட்டும் பாலன்ஸ் எடைகளுக்கும் இடம் வேண்டும் என்பதை மறந்துவிடலாகாது. களிமண்ணை முற்றிலும் துடைத்தெடுத்த பின்னரே வண்டியை ஓட்ட வேண்டும்.

டயர் ஏற்றியபின், ஸ்டியரிங்கை இருபுறமும் முழுமையாகத் திருப்பி, ஆட்களை அமர்த்தி, மட்கார்டில் உரசுகிறதா என்றும் பாருங்கள். அலாய் சக்கரத்துக்கு உரிய நட்டுகளையே வாங்குங்கள். பழைய இரும்புச் சக்கரத்தின் நட்டு அதன் குழியில் சரியாக அமராமற் போகலாம். சிறிது தூரம் ஓடியபின் நட்டுகளை மீண்டும் முடுக்குங்கள். உப்புக்காற்று வீசும் நம் பகுதியில் காலிப்பரின் பிஸ்டன் துருவேறி இறுகிப்போகக் கூடும்; ஆண்டுக்கொருமுறை பிரித்துப் பார்ப்பது அவசியம். இத்தகைய மாற்றங்களுக்குச் சட்டம் எந்த அளவுக்கு இடம் தருகிறது என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்னரே கேட்டறிந்து கொள்வதும் கடமையாகும்.

சகோதரிகளே! வண்டி பட்டறையிலிருந்து வீடு திரும்பியதும், "நிறம் எப்படி?" என்று கேட்கும் முன், "காலிப்பருக்கும் சக்கரத்துக்கும் இடைவெளி எவ்வளவு? நட்டு எத்தனை சுற்று ஏறியது?" என்று கேளுங்கள். பதில் கூறத் தயங்கினால், உங்கள் பிள்ளைகளை அதில் ஏற்றாதீர்கள். செய்ய வேண்டியதைச் செய்யாமல் "அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று புறப்படுவது தவக்குல் ஆகாது, அலட்சியமே ஆகும்.