கடலுக்கு மேலே ஒரு பெண் விமானி

ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் இன்றும் நம்மில் பலருக்கு நெஞ்சு ஒருமுறை பதறும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பதுங்கு குழிக்கு ஓடிய நினைவு உடம்பிலேயே தங்கிவிட்டது. சீருடை, படை, விமானி என்ற சொற்களும் அப்படித்தான். ஆகவே, படைத்துறை விமானிகளாகப் பணியாற்றும் பெண்களைப் பற்றி இம்மாதம் எழுதுகிறேன் என்றால், "நமக்கெதற்கு இந்தக் கதை?" என்று சில சகோதரிகள் கேட்கக்கூடும். அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் நான் சொல்ல வருவது குண்டு போடும் விமானத்தைப் பற்றியல்ல. கடலில் தத்தளிப்பவர்களைத் தூக்கிவரும் ஹெலிகொப்டரைப் பற்றி. கடலுக்குப் போனவர் திரும்பாத வீட்டின் இரவு எப்படியிருக்கும் என்பது நமது கரையோரக் கிராமத்துப் பெண்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

அமெரிக்காவின் கரையோரக் காவற்படை அந்நாட்டுச் சட்டப்படி ஆயுதப் படைகளில் ஒன்று. கடத்தலைத் தடுப்பது, கடல் எல்லையைக் காப்பது ஆகிய வேலைகளும் அதற்கு உண்டு. எனினும் கடலில் உயிர் காப்பதே மக்கள் மத்தியில் அதற்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. 2008 மார்ச் மாதத்தில் அலாஸ்காவை அண்டிய பேரிங் கடலில் 'அலாஸ்கா ரேஞ்சர்' என்ற மீன்பிடிக் கப்பல் மூழ்கியது. அதில் 47 பேர் இருந்தார்கள். உறையவைக்கும் குளிர்நீரில், இருட்டில் மிதந்துகொண்டிருந்தவர்களை இப்படையின் ஹெலிகொப்டர்களும் கப்பலும், அருகில் நின்ற இன்னொரு மீன்பிடிக் கப்பலும் சேர்ந்து மீட்டன. 42 பேர் உயிருடன் வீடு திரும்பினர். ஐந்து பேரைக் காப்பாற்ற முடியவில்லை.

மீட்பு ஹெலிகொப்டரில் வழக்கமாக நான்கு பேர் இருப்பார்கள். இருவர் விமானிகள். ஒருவர் கயிற்றையும் கூடையையும் இறக்கி ஏற்றுபவர். மற்றவர் தண்ணீரில் குதித்து ஆளைப் பிடிக்கும் நீச்சல் வீரர். ஹெலிகொப்டருக்கு நேர் கீழே நடப்பது அதை ஓட்டும் விமானிக்குத் தெரியாது. கதவருகில் இருந்து கீழே பார்ப்பவர், "முன்னுக்கு, வலப்பக்கம், நில்" என்று சொல்லச் சொல்ல, அந்தக் குரலை மட்டும் நம்பி, காற்றிலும் அலையிலும் அசையாமல் நிறுத்திவைக்க வேண்டும். இதற்கு உடற்பலத்தைவிட நிதானமும், பிறர் சொல்லைக் கேட்கும் பக்குவமும் கூடுதலாகத் தேவை. இவை பெண்களிடம் இல்லாத குணங்களா?

இருந்தும் இந்த வேலை நெடுங்காலம் பெண்களுக்கு மூடப்பட்டே இருந்தது. அதிகாரிப் பயிற்சியில் பெண்கள் சேர்க்கப்பட்டது 1973இல். படையின் கல்லூரி அவர்களுக்குத் திறந்தது 1976இல். 1977இல் ஜானா லாம்பைன் அப்படையின் முதற் பெண் விமானியானார். 1978இல் பால்நிலை காரணமாக எந்தப் பதவியும் மறுக்கப்படாது என்ற நிலை வந்தது. லாம்பைனுக்கு அடுத்து விமானியான விவியன் கிரே, 2006இல் அப்படையின் துணைத் தளபதியாக உயர்ந்தார். பெண்ணின் கை 1977இல் திடீரென்று பலமடைந்துவிடவில்லை. மாறியது விதி மட்டுமே. பால்நிலைப் பாத்திரம் என்று சமூகவியலில் நாம் படிப்பது இதைத்தான்: இயற்கை என்று நமக்குச் சொல்லப்படுவதில் பெரும்பகுதி மனிதர் எழுதிவைத்த விதி.

ஆபத்தை மறைத்துவிட்டு இந்த வேலையைப் புகழ்வது சரியாகாது. 1982 ஜனவரி 7ஆம் திகதி ஹவாய்த் தீவுகளில் புயல் வீசியது. கடலில் ஆபத்திலிருந்த ஒரு மீன்பிடிப் படகுக்கு உதவச் சென்ற ஹெலிகொப்டர் மொலோக்காய்த் தீவின் மலைச்சரிவில் மோதியது. மூவர் இறந்தனர். அவர்களில் ஒருவர் 29 வயதான பெண் விமானி கொலீன் கெய்ன். கடமையின்போது உயிர்நீத்த அப்படையின் முதற் பெண் அவரே. அவருக்குப் பின்னரும் பெண்கள் அந்த ஆசனத்தில் வந்து அமர்ந்தார்கள்.

அப்படி வந்தவர்களில் லஷாண்டா ஹோம்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கதை நமக்கு மிக நெருக்கமானது. வட கரோலைனா மாநிலத்தில் வளர்ந்த அவர் இரண்டு வயதில் தாயை இழந்தார். சொந்த வீடென்று ஒன்றில்லாமல் வளர்ப்பு வீடுகளில் வாழ்ந்தார். நம்மிடையே எத்தனை பிள்ளைகள் இப்படி உறவினர் வீட்டிலும் இல்லங்களிலும் வளர்ந்திருக்கிறார்கள்! அவர் அட்லாண்டாவிலுள்ள ஸ்பெல்மன் மகளிர் கல்லூரியில் படித்த காலத்தில், மாணவருக்குப் படிப்புச் செலவு கொடுத்துப் பின்னர் அதிகாரியாகச் சேர்த்துக்கொள்ளும் திட்டமொன்றின் மூலம் கரையோரக் காவற்படைக்குள் வந்தார். 2005இல் அப்படையின் முதற் கறுப்பினப் பெண் விமானியான, ஜமெய்க்காவில் பிறந்த ஜெனீன் மென்ஸி அவருக்கு வழிகாட்டினார். 2010இல் ஹோம்ஸ் அப்படையில் ஹெலிகொப்டர் ஓட்டும் முதற் கறுப்பினப் பெண்ணானார்.

அவரிடம் திறமை இருந்தது உண்மை. ஆனால் திறமை மட்டும் அவரை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. திறந்த கதவு ஒன்று இருந்தது, படிப்புக்குப் பணம் இருந்தது, முன்னே போனவள் திரும்பி நின்று கை கொடுத்தாள். தாயில்லாப் பிள்ளை ஒன்று முன்னேறினால், "அது கெட்டிக்காரி" என்று சொல்லிவிட்டு நாம் போய்விடுகிறோம். முன்னேறாத பிள்ளைக்கு இந்த மூன்றில் எது கிடைக்கவில்லை என்று கேட்பதில்லை.

இந்த வேலைக்குப் பட்டப்படிப்பு வேண்டும். அதன்பின் அதிகாரிப் பயிற்சி, பின்னர் புளோரிடாவில் கடற்படையுடன் சேர்ந்து விமானப் பயிற்சி, இறுதியாக அலபாமாவின் மொபீல் நகரில் மீட்பு ஹெலிகொப்டர் பயிற்சி. நன்றாக நீந்தத் தெரிய வேண்டும். ஹெலிகொப்டர் போன்ற ஒரு கூட்டுக்குள் கட்டி, தண்ணீருக்குள் தலைகீழாகக் கவிழ்ப்பார்கள். வழியைக் கையால் தடவிக் கண்டுபிடித்து வெளியே வர வேண்டும். இப்பயிற்சியில் ஆணுக்கு ஒரு அளவு, பெண்ணுக்கு ஒரு அளவு என்று இல்லை.

நம் பிள்ளைகள் அமெரிக்கப் படையில் சேரவேண்டும் என்று நான் சொல்லவில்லை. சீருடை அணிவதா இல்லையா என்பது அவரவர் மனச்சாட்சி. ஆனால் அந்த வேலைக்குப் போகும் பாதையின் முதற்படிகள் நமது ஊரிலும் இருக்கின்றன. அவை நீச்சல், கணிதம், பௌதிகவியல், ஆங்கிலம். 2004 சுனாமியில் நமது கிழக்குக் கரையில் ஆண்களைவிடப் பெண்களே கூடுதலாக இறந்தார்கள். பெண்களுக்கு நீந்தத் தெரியாமை அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. கடலோரத்தில் பிறந்த மகனைத் தண்ணீரில் விட்ட நாம், மகளைக் கரையிலேயே நிறுத்திவைத்தோம்.

உங்கள் மகள் நாளைக்கு ஒரு புதுமையான வேலையின் பெயரைச் சொல்லக்கூடும். "அது பொம்பிளைப் பிள்ளைக்குச் சரிவராது" என்று உடனே சொல்லிவிடாதீர்கள். அந்த வேலைக்கு எந்தப் பாடம் எடுக்க வேண்டும் என்று அவளது ஆசிரியரிடம் ஒருமுறை போய்க் கேளுங்கள். தாயில்லாத பிள்ளை பக்கத்து வீட்டில் இருந்தால், அவளுக்காகவும் சேர்த்துக் கேளுங்கள்.