சவ்வூடு பரவலும் ஏலத்தோட்டத்து மருந்தும்

கொஞ்சம் நீளமான பதிவு. ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால் தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

போன வாரம் போடியில் ஒரு டீக்கடை வாசலில் பழைய மாணவர் ஒருவரைப் பார்த்தேன். பத்தாம் வகுப்பில் என்னிடம் அறிவியல் படித்தவர். இப்போது மலைக்கு மேலே ஏலத்தோட்டத்தில் மருந்தடிக்கப் போகிறார். கண் சிவந்திருந்தது. "தலைவலி டீச்சர். மருந்தடிச்ச அன்னைக்கு எப்பவும் இப்படித்தான். ஒரு டீயக் குடிச்சிட்டுப் படுத்தா சரியாப் போயிரும்" என்றார்.

கையுறை போடுவதில்லையா என்று கேட்டேன்.

"அதெல்லாம் எதுக்கு டீச்சர்? வாய்க்குள்ள போனாத்தான விஷம்? கையில பட்டா ஓடைத் தண்ணில கழுவினாப் போச்சு. நான் தேங்காண்ணெய் வேற தடவிக்கிட்டுத்தான் போறேன்."

எனக்கு என்ன தோன்றியதோ, "சவ்வூடு பரவல்னா என்னப்பா?" என்று கேட்டுவிட்டேன். சிரித்துக்கொண்டே ஒப்பித்தார். நீர் மூலக்கூறுகள், தேர்வு கடத்து சவ்வு, செறிவு என்று ஒரு சொல் பிசகவில்லை. இத்தனை வருஷம் கழித்தும்!

எனக்குப் பெருமை வரவில்லை. வெட்கமாக இருந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் அந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறேன். உருளைக்கிழங்கைக் குடைந்து சர்க்கரைக் கரைசல் ஊற்றிக் காட்டினேன். உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் போட்டு உப்ப வைத்தேன். நான் சொல்லிக் கொடுத்ததை எல்லாம் அவர் படித்துவிட்டார். அவர் உயிருக்குத் தேவையான ஒரு விஷயத்தை மட்டும் நான் சொல்லித் தரவில்லை.

அதை இப்போது சொல்கிறேன்.

நம் உடம்பில் உள்ள ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒரு சவ்வு இருக்கிறது. அது எதனால் ஆனது? பெரும்பகுதி கொழுப்பு. இரண்டு அடுக்குக் கொழுப்பு என்று 1925லேயே டச்சு நாட்டு ஆய்வாளர்கள் கோர்ட்டரும் கிரெண்டலும் ரத்தச் சிவப்பணுக்களை வைத்துக் கண்டுபிடித்தார்கள். அந்தக் கொழுப்புச் சுவருக்கு நடுவே புரதத்தால் ஆன வாசல்கள் இருக்கின்றன. உப்பு போக வேண்டுமானால் அதற்கென்று ஒரு வாசல். சர்க்கரைக்கு வேறு வாசல். தண்ணீர் வேகமாகப் போவதற்குக் கூடத் தனி வாசல் உண்டு. அதைக் கண்டுபிடித்த பீட்டர் ஆக்ருக்கு 2003இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் எண்ணெயில் கரையும் பொருளுக்கு வாசலே தேவையில்லை. சுவரே கொழுப்பு என்பதால் அது சுவரிலேயே கரைந்து உள்ளே போய்விடும். 1890களிலேயே எர்னஸ்ட் ஓவர்ட்டன் என்ற விஞ்ஞானி இதைக் கவனித்துச் சொல்லிவிட்டார்: எண்ணெயில் எவ்வளவு நன்றாகக் கரைகிறதோ, அவ்வளவு வேகமாகச் செல்லுக்குள் நுழையும்.

வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் பச்சை மிளகாய். நறுக்கிவிட்டு எத்தனை தடவை தண்ணீரில் கழுவினாலும் கை எரிகிறது அல்லவா? மிளகாயின் காரப்பொருள் தண்ணீரில் சரியாகக் கரையாது, எண்ணெயில் கரையும். அதனால் தோலுக்குள் இறங்கி நரம்பைத் தொடுகிறது.

தோட்டத்து மருந்தும் அதே வழியில்தான் வருகிறது. ஏலத்தில் இலைப்பேனுக்கும் தண்டு துளைப்பானுக்கும் அடிக்கிற குயினால்பாஸ் போன்ற மருந்துகளைப் பாருங்கள். டப்பாவில் '25 இசி' என்று போட்டிருக்கும். ட்ரம் தண்ணீரில் ஊற்றியதும் பால் மாதிரி வெளுக்கிறதே, ஏன்? மருந்து தண்ணீரில் கரையவில்லை. குட்டிக் குட்டி எண்ணெய்த் துளிகளாக மிதக்கிறது. அந்தத் துளி கையில் பட்டால் தோலின் மேலடுக்கில் செத்த செல்களுக்கு இடையே இருக்கும் கொழுப்பில் கரைந்து, உயிருள்ள செல்களைத் தாண்டி, ரத்தத்துக்குப் போய்விடுகிறது. அங்கிருந்து நரம்பு மண்டலத்துக்கு. நரம்பு கொடுத்த கட்டளையை முடித்துவைக்கிற நொதியை அது முடக்குகிறது. தலைவலி, கண் மங்கல், வியர்வை, எச்சில் ஊறுவது, சதை துடிப்பது எல்லாம் அதனால்தான். அதை அலுப்பு என்று நினைத்து டீ குடித்துவிட்டுப் படுக்கிறோம்.

தேங்காய் எண்ணெய் தடவுவது தடுப்பு அல்ல. எண்ணெயில் கரையும் மருந்தை எண்ணெய் எப்படித் தடுக்கும்? வெறும் தண்ணீரும் போதாது. எண்ணெய்ப் பாத்திரத்தைச் சோப்பில்லாமல் கழுவிப் பாருங்கள், புரியும்.

இன்னொன்று. உடம்பு முழுவதும் தோல் ஒரே மாதிரி இல்லை. கலிபோர்னியாவில் மைபாக்கும் அவரது குழுவினரும் பாரத்தியான் என்ற பூச்சிமருந்தை வைத்துச் செய்த ஆய்வு 1971இல் வெளிவந்தது. முன்கையைவிட நெற்றியில் சுமார் 4 மடங்கு மருந்து உள்ளே போனது. அக்குளில் அதைவிட அதிகம். ஆண்களின் விரைப்பைத் தோலில் ஏறக்குறைய 12 மடங்கு. மருந்துக் கையால் நெற்றி வியர்வையைத் துடைப்பதும், கை கழுவாமல் ஒன்றுக்குப் போவதும் எவ்வளவு ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள்.

மருந்தடிப்பவர்களோடு இது முடிவதில்லை. ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தூரிலிருந்து தரையோடு நீளும் சரங்களில் காய்க்கிறது. மருந்தும் அங்கேதான் விழுகிறது. விடியும் முன்பே போடியில் ஜீப் ஏறி, முந்தல் தாண்டி மலைக்குப் போகும் நம் பெண்கள் அந்தத் தூரில் குனிந்து வெறுங்கையால் காய் பறிக்கிறார்கள். அதே கையால் மதியச் சோற்றைப் பிசைகிறார்கள்.

2023 ஜனவரியில் சபரிமலை அரவணையில் சேர்த்த ஏலக்காயில் மருந்து எச்சம் இருப்பதாக வழக்கு வந்து, கேரள உயர் நீதிமன்றம் விற்பனையை நிறுத்தியது நினைவிருக்கும். 6 லட்சத்துக்கும் மேற்பட்ட டின்கள் முடங்கின. 2024இல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. அந்த வழக்கின் நியாயம் எதுவானாலும், நாடே பேசியது சாப்பிடுகிறவரைப் பற்றித்தான். காயில் ஒட்டிய மிச்சத்துக்கே இவ்வளவு பேச்சு. ட்ரம்மில் முழங்கை வரை விட்டுக் கலக்குகிறவரைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

தோட்டக்காரர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. பூச்சி விழுந்தால் வருஷ வருமானமே போய்விடும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் மருந்தடிக்கிறவருக்குப் பாதுகாப்பு உடை தர வேண்டும் என்று 1971ஆம் வருஷத்துப் பூச்சிக்கொல்லி விதிகளிலேயே இருக்கிறது. மருந்துக்குச் செலவழிக்கிற பணத்தோடு பார்த்தால் ரப்பர் கையுறையும் சோப்பும் ஒரு செலவா?

வேலைக்குப் போகிறவர்களுக்கு:

மருந்தைக் கையால் கலக்காதீர்கள், நீளக் குச்சியால் கலக்குங்கள். துணிக் கையுறை வேண்டாம், அது மருந்தை உறிஞ்சித் தோலோடு ஒட்டவைக்கும். ரப்பர் கையுறை போடுங்கள். சாப்பிடும் முன், பீடி பற்றவைக்கும் முன், ஒன்றுக்குப் போகும் முன் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நனைந்த சட்டையோடு வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தூக்காதீர்கள். அந்தத் துணியைத் தனியாகத் துவையுங்கள். உடம்புக்கு முடியவில்லை என்றால் சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மருந்து டப்பாவையோ லேபிளையோ கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள்.

இப்போது பணியில் இருக்கும் அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். போடியிலும், தேவாரத்திலும், கம்பத்திலும் செல் பாடம் நடத்தும்போது உருளைக்கிழங்கோடு நிறுத்தாதீர்கள். ஒரு பிள்ளையின் கையில் சமையல் எண்ணெய் தடவித் தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள். பிறகு சோப்பு கொடுங்கள். "உங்க அப்பா மருந்தடிச்சிட்டு எதுல கை கழுவுறாரு?" என்று கேளுங்கள். வரையறையை நாளைக்குக்கூட எழுதிப் போடலாம். அந்தக் கேள்வி அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போய்ச் சேரும்.

என் மாணவரிடம் டீக்கடை வாசலிலேயே இதையெல்லாம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல டீச்சர்" என்றார்.

சொல்லியிருக்கலாம். அதனால்தான் இன்று எழுதுகிறேன்.