பிள்ளைகளின் மனக்குறை கேட்க ஆள் எங்கே?

நாங்குநேரியில் 2023 ஆகஸ்ட் 9 இரவு நடந்த கொடுமையை நெல்லைச் சீமை மறக்கவில்லை. சக மாணவர்கள் துன்புறுத்துகிறார்கள் என்று பள்ளியில் முறையிட்ட தலித் மாணவனை வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். வெட்டியவர்களும் பள்ளிப் பிள்ளைகளே! அவர்கள் நெஞ்சில் சாதி விஷத்தை ஊற்றியது யார்? பெரியவர்கள்தானே?

இதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் பள்ளி நல அலுவலர் என்ற பதவியைப் பரிந்துரைத்தது. 2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட், 100 அல்லது அதற்கு மேற்பட்டோர் படிக்கும் கல்வி நிலையம் ஒவ்வொன்றிலும் தகுதியுள்ள ஆலோசகர், மனவியல் நிபுணர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவராவது இருக்கவேண்டும் என்றது. வரவேற்கிறோம்.

ஆனால் அத்தனை பேருக்கு எங்கே போவது? “தகுதி” என்ற சொல்லில்தான் சங்கதி இருக்கிறது. பட்டணத்தில், இங்கிலீஷில், பணம் கொட்டிப் பெறும் மேற்பட்டம் மட்டுமே தகுதி என்றால், அம்பாசமுத்திரத்து நடவுக்காரி மகள் அந்த வாசலை மிதிக்க முடியுமா? பணம் கொட்டிப் படித்தவர்தான் ஆற்றங்கரைக் கிராமத்துப் பள்ளிக்கு வருவாரா?

“உபாத்தியாயரே பார்த்துக்கொள்வார்” என்பாரும் உண்டு. மார்க் போடுகிறவரிடம், தண்டிக்கிறவரிடம் பிள்ளை மனம் திறக்குமா? ஏற்கெனவே வேலைப் பளுவில் தவிப்பவர் தலையில் இன்னொரு மூட்டையா? மூன்று மாதத்தில் சான்றிதழ் நீட்டுவதையும் நாம் ஏற்கவில்லை. ரகசியம் காக்கவும், தற்கொலை எண்ணத்தை அறிந்து டாக்டரிடம் சேர்க்கவும் முறையாகக் கற்றாக வேண்டும். ஏழைப் பிள்ளைக்கு அரைகுறை வைத்தியம் போதுமா?

வழி இருக்கிறது. சுகாதாரப் பணியாளருக்கான 2021ஆம் ஆண்டு மத்தியச் சட்டம், 2,000 மணி நேரம் கற்றவருக்கு ஒரு படியும் 3,600 மணி நேரம் கற்றவருக்கு மேல்படியும் வைத்திருக்கிறது. பள்ளி ஆலோசகருக்கும் அப்படி ஏணி வைத்தால் என்ன?

சர்க்காரை நாம் கேட்பது இதுதான்: பட்டம் பெற்ற தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளுக்கு உதவித்தொகையுடன் தமிழிலேயே இரண்டாண்டுப் பயிற்சி கொடு. பள்ளியிலும் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியிலும் அனுபவம் பெறச் செய். பரீட்சை வைத்து, தேறியவருக்கு உரிமம் கொடு. காண்டிராக்ட் கூலியாக அல்ல, நிரந்தர உத்தியோகத்தில் அமர்த்து.

தோழர்களே! சாதி வெறியை ஆலோசகர் மட்டும் ஒழித்துவிட மாட்டார். அது நம் போராட்டத்தால்தான் ஒழியும். ஆனால் முறையிடும் பிள்ளைக்குக் காது கொடுக்க, அரிவாள் எடுக்கத் துணியும் பிள்ளையைத் தடுத்து நிறுத்தப் பள்ளியில் ஓர் ஆள் வேண்டும். சங்கக் கூட்டத்திலும் கிராம சபையிலும் இந்தக் கோரிக்கையை எழுப்புங்கள்!